பவுல் கிளே

பவுல் கிளே (டிசம்பர் 18, 1879 – ஜூன் 29, 1940) சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜெர்மானிய ஓவியர் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் நவீன ஓவியத்துக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இவர் வயலின் இசைக் கலைஞராகவும், பௌஹவுஸ் கலைப்பள்ளியின் ஆசிரியராகவும், நிறக் கோட்பாடு பற்றி எழுதியவராகவும் அறியப்படுகிறார். இவருடைய ஆக்கங்களின் எண்ணிக்கை 9,000-க்கும் மேற்பட்டது.

வாழ்வின் இறுதி ஐந்து ஆண்டுகள் இவர் கடும் நோயால் பாதிக்கப்பட்டிருந்தார். அந்நோய் தோலிறுக்க நோய் (ஸ்கிளிரோடெர்மா) என்று இவர் இறந்த பின்னரே வெளியில் சொல்லப்பட்டது. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு உடலையே தாக்குவதால் உண்டாகும் தன்னெதிர்ப்பு நோய்களுள் இதுவும் ஒன்று. இந்நோயுற்ற காலத்திலேயே கிளே தம் வாழ்நாளின் மிகக் கூடுதலான படங்களை வரைந்தார். இதனால் ஓவிய வரலாற்றில் மட்டுமன்றி மருத்துவ இலக்கியத்திலும் இவருடைய பெயர் இடம்பெற்றுள்ளது.

பிறப்பும் இளமையும்

கிளே சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகிலுள்ள முன்ஹன்பூக்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் கிளே ஜெர்மனியைச் சேர்ந்தவர். பெர்ன் பகுதியில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இசை கற்பித்தார். தாய் இடா பிரிக் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாடகி. மதில்டே என்ற தமக்கை ஒருவர் இருந்தார். அக்காலச் சட்டப்படி பிள்ளைகளுக்குத் தந்தையின் குடியுரிமையே கிடைத்தது. ஆகவே சுவிட்சர்லாந்து மண்ணில் பிறந்து வளர்ந்தும் கிளே ஜெர்மானியக் குடிமகனாகவே இருந்தார். இச்செய்தி அவருடைய வாழ்வின் முடிவில் முக்கியத்துவம் பெற்றது.

ஏழாவது வயதில் வயலின் கற்கத் தொடங்கினார். பதினொன்றாவது வயதிலேயே பெர்ன் நகர இசைக்குழுவில் வாசிக்க அழைக்கப்படும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார். வண்ணக் கோல்களைக் கையில் கொடுத்துப் படம் வரையக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய பாட்டி. பெற்றோர் இவரை இசைக் கலைஞராக்க விரும்பினர். ஆனால் பள்ளிக் காலத்திலேயே பாடநூல்களின் ஓரங்களைக் கேலிச் சித்திரங்களால் நிரப்பி வந்த கிளே, ஓவியத்தையே தேர்ந்தெடுத்தார். எனினும் இசையை அவர் விட்டுவிடவில்லை. ஓவியராகப் புகழ் பெற்ற பின்னரும் வயலின் வாசித்து வந்தார்.

கல்வி

1898 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று ஹைன்ரிக் க்னிர் நடத்திய தனியார் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் 1900 இல் மியூனிக் நுண்கலைக் கழகத்தில் பிரான்ஸ் பொன் ஸ்டுக் என்பவரிடம் பயின்றார். கோடுகளில் விரைவிலேயே தேர்ச்சி பெற்ற இவருக்கு நிறங்களைக் கையாள்வது கடினமாகவே இருந்தது. 1901–1902 காலப்பகுதியில் சிற்பி ஹெர்மன் ஹல்லருடன் இத்தாலி முழுவதும் பயணம் செய்து பழைய ஓவியங்களையும் கட்டிடங்களையும் கண்டார். பின்னர் 1906 வரை பெர்ன் நகரில் பெற்றோருடன் வாழ்ந்தார். 1903 முதல் 1905 வரை துத்தநாகத் தகடுகளில் அரித்துச் செதுக்கி அச்சிட்ட படங்கள் அடங்கிய தொகுப்பே இவருடைய முதல் முக்கிய ஆக்கமாகும். மனிதரின் ஆணவத்தையும் போலித்தனத்தையும் எள்ளி நகையாடும் படங்கள் அவை.

திருமணம்

1906 இல் பியானோ ஆசிரியையான லில்லி ஸ்டும்ப் என்பவரை மணந்து மியூனிக்கில் குடியேறினார். லில்லி ஒரு மருத்துவரின் மகள். 1907 இல் பெலிக்ஸ் என்ற மகன் பிறந்தான். லில்லி பியானோ கற்றுக்கொடுத்துக் குடும்பத்துக்கு வேண்டிய பொருளை ஈட்டினார். கிளே வீட்டிலிருந்து சமையல் செய்தார், குழந்தையைக் கவனித்தார், எஞ்சிய நேரத்தில் வரைந்தார். மகனுக்காக அவர் பின்னாளில் செய்த கைப்பொம்மைகள் பல இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

1911 இல் கிளே தம் ஆக்கங்கள் அனைத்தையும் வரிசை எண், தலைப்பு, பயன்படுத்திய பொருள் ஆகியவற்றுடன் ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்யத் தொடங்கினார். சிறுவயதுப் படங்கள் சிலவற்றையும் அதில் சேர்த்துக்கொண்டார். இப்பழக்கத்தை அவர் இறுதிவரை கைவிடவில்லை. நோயுற்ற காலத்தில் எந்த ஆண்டில் எத்தனை படங்கள் வரைந்தார் என்பது இன்று துல்லியமாகத் தெரிவதற்கு இக்குறிப்பேடே காரணமாகும்.

நீலக் குதிரைவீரன் குழுவும் துனிசியப் பயணமும்

1911 இல் உருசிய ஓவியர் வசீலி காண்டின்ஸ்கி, ஜெர்மானிய ஓவியர் பிரான்ஸ் மார்க் ஆகியோர் தொடங்கிய நீலக் குதிரைவீரன் குழுவுடன் கிளேக்குத் தொடர்பு ஏற்பட்டது. 1912 இல் நடந்த அக்குழுவின் இரண்டாவது கண்காட்சியில் இவருடைய படங்களும் இடம்பெற்றன. அதே ஆண்டு பாரிசு நகரில் ராபர்ட் டெலோனேயைச் சந்தித்து, நிறத்தையும் ஒளியையும் பற்றிய அவருடைய கருத்துகளை அறிந்தார். ஒளி பற்றி டெலோனே எழுதிய கட்டுரையை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் கிளேயே ஆவார்.

1914 ஏப்ரல் மாதத்தில் நண்பர்களான அகஸ்ட் மாக்கே, லூயி முவாலியே ஆகியோருடன் வட ஆப்பிரிக்காவின் துனிசியாவுக்குச் சென்றார். பயணம் இரு வாரங்களுக்குள் முடிந்துவிட்டது. எனினும் அங்கு கண்ட வெயிலும், வெண்ணிற வீடுகளும், கைரவான் நகரின் தோற்றமும் அவருக்கு நிறத்தைப் பற்றிய நீண்ட காலத் தயக்கத்தைப் போக்கின. திரும்பிய பின்னர் நிறக் கட்டங்களால் அமைந்த நீர்வண்ண ஓவியங்களை வரையலானார்.

அவ்வாண்டே முதல் உலகப் போர் தொடங்கியது. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே மாக்கே கொல்லப்பட்டார். 1916 மார்ச் மாதத்தில் பிரான்ஸ் மார்க் பிரான்சில் உள்ள வெர்டன் அருகே உயிரிழந்தார். அதே மாதம் கிளே படையில் சேர்க்கப்பட்டார். போர்முனைக்கு அனுப்பப்படாமல் வானூர்திகளுக்கு வண்ணம் பூசும் வேலையிலும், பின்னர் வானூர்திப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கணக்கு எழுதும் வேலையிலும் இருந்தார். வானூர்தி இறக்கைகளுக்குப் பயன்படும் துணியின் துண்டுகளைப் படம் வரையவும் பயன்படுத்தினார்.

ஆசிரியப் பணி

1920 இல் மியூனிக்கில் 362 ஆக்கங்களுடன் நடைபெற்ற பெரிய கண்காட்சி கிளேக்குப் பெயரைத் தேடித் தந்தது. அதே ஆண்டு கட்டிடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ் தாம் வைமார் நகரில் நடத்தி வந்த பௌஹவுஸ் கலைப்பள்ளிக்கு இவரை அழைத்தார். 1921 ஜனவரி முதல் அங்கு கற்பிக்கத் தொடங்கினார். பள்ளி டெசாவ் நகருக்கு மாறியபோது இவரும் அங்கு சென்றார். ஒரு புள்ளி நகரும்போது கோடாகிறது, கோடு நகரும்போது பரப்பாகிறது என்ற அடிப்படையிலிருந்து படிப்படியாக வடிவத்தை விளக்குவது இவருடைய முறை. 1925 இல் வெளிவந்த கற்பித்தல் குறிப்பு நூல் இவருடைய பாடங்களின் ஒரு பகுதியைக் கொண்டது. 1928 டிசம்பரில் எகிப்துக்குச் சென்று வந்தார். 1931 இல் பௌஹவுசை விட்டு விலகி டியூசல்டார்ப் நுண்கலைக் கழகத்தில் பேராசிரியரானார்.

ஆங்கெலுஸ் நோவுஸ் (1920), செனெசியோ (1922), கீச்சிடும் இயந்திரம் (1922), மீன் மாயம் (1925), ஆட் பர்னாசும் (1932) ஆகியன இக்காலப் படைப்புகளுள் புகழ்பெற்றவை.

இந்தியாவில் கண்காட்சி

1922 டிசம்பரில் கல்கத்தாவில் கீழைத்தேயக் கலைகளுக்கான இந்தியக் கழகம் நடத்திய கண்காட்சியில் பௌஹவுஸ் ஓவியர்களின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கிளே, காண்டின்ஸ்கி ஆகியோரின் படங்கள் அவற்றுள் அடங்கும். அக்கண்காட்சியில் ககனேந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் முதலிய வங்க ஓவியர்களின் படங்களும் இருந்தன. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இதற்கு முக்கியப் பங்காற்றினார். கிளே இந்தியாவுக்கு வந்ததில்லை. எனினும் பிற்கால இந்திய ஓவியர்கள் சிலரிடம், குறிப்பாக வா. சு. கைத்தோண்டேயின் தொடக்ககாலப் படங்களில், கிளேயின் தாக்கம் காணப்படுகிறது.

நாட்டைவிட்டு நீங்குதல்

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் மாதம் டெசாவில் இருந்த கிளேயின் வீடு சோதனையிடப்பட்டது. அவர் யூதர் என்ற பொய்ச் செய்தி பரப்பப்பட்டது. ஏப்ரல் மாதம் பேராசிரியர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டார். அவ்வாண்டு அவர் வரைந்த ஓர் ஓவியத்தில், கண் மூடிய முகத்தின் தலைமீது கறுப்புப் பெருக்கல் குறி ஒன்று இடப்பட்டுள்ளது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர் என்பது அதன் தலைப்பு.

1933 டிசம்பர் இறுதியில் கிளேயும் மனைவியும் பெர்ன் நகருக்குத் திரும்பினர். சிறிய வாடகை வீட்டில் ஓர் அறையே ஓவியக் கூடமாயிற்று. ஜெர்மனியில் இருந்த வாங்குவோரையும் மாணவர்களையும் இழந்த நிலையில் வருவாய் குறைந்தது. 1937 ஜூலையில் மியூனிக்கில் நாசிகள் நடத்திய சீரழிந்த கலை என்னும் கண்காட்சியில் இவருடைய 17 ஆக்கங்கள் இழிவுபடுத்தும் நோக்கில் வைக்கப்பட்டன. ஜெர்மனியின் பொது அருங்காட்சியகங்களிலிருந்து இவருடைய 102 ஆக்கங்கள் பறிமுதல் செய்யப்பட்டன.

நோயின் தொடக்கம்

1935 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கிளே நோயுற்றார். மூச்சுக்குழல் அழற்சியில் தொடங்கி, நுரையீரல் அழற்சியாகவும் நுரையீரல் உறை அழற்சியாகவும் வளர்ந்தது. உடலில் தடிப்புகள் தோன்றியதால் முதலில் தட்டம்மை என்று கருதப்பட்டது. பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். மருத்துவர் கெர்ஹார்ட் ஷோரர் அவருக்குச் சிகிச்சை அளித்து வந்தார். பெர்ன் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவப் பேராசிரியர் ஆஸ்கார் நேகெலியும் அவரைப் பரிசோதித்தார்.

தட்டம்மை சில வாரங்களில் தீர்ந்துவிடும் நோய். கிளேயின் நோயோ தீரவில்லை. முகத்தின் தோல் இறுகி முகமூடி அணிந்ததுபோல் ஆயிற்று. உணவுக்குழாய் பாதிக்கப்பட்டதால் திட உணவை விழுங்க இயலவில்லை. நீர்மமாகவோ கூழாகவோ இருந்த உணவையே உண்டார். பிறர் முன்னிலையில் உண்பதைத் தவிர்த்தார். சிறிது தொலைவு நடந்தாலும் மூச்சு வாங்கியது. 1937 இல் இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி கசிந்தது, சோகையும் ஏற்பட்டது. வயலின் வாசிப்பதையும் விட நேர்ந்தது. எனினும் அவருடைய கைகள் எழுதவும் வரையவும் இயன்ற நிலையில் இருந்தன. இந்நோயில் விரல்கள் மடங்கி இறுகிப்போவது வழக்கம் என்பதால், இது குறிப்பிடத்தக்க விதிவிலக்காகும்.

நோயும் ஆக்கமும்

கிளேயின் குறிப்பேட்டில் உள்ள எண்ணிக்கை பின்வருமாறு:

1936 – 25 ஆக்கங்கள்
1937 – 264 ஆக்கங்கள்
1938 – 489 ஆக்கங்கள்
1939 – 1,253 ஆக்கங்கள்
1940 (இறப்புக்கு முன்) – 366 ஆக்கங்கள்

1936 இல் ஏற்பட்ட வீழ்ச்சி நோயின் கடுமையைக் காட்டுகிறது. அவ்வாண்டு மலைப்பகுதிகளில் உள்ள ஓய்விடங்களில் தங்கி உடல்நிலை தேற முயன்றார். ஆனால் மூன்றே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஐம்பது மடங்காயிற்று. 1939 இல் சராசரியாக ஒரு நாளுக்கு மூன்று படங்களுக்கு மேல் வரைந்துள்ளார். இவற்றுள் பெரும்பாலானவை பென்சிலாலும் மையாலும் வரைந்த கோட்டோவியங்கள்.

எண்ணிக்கையுடன் வரையும் முறையும் மாறியது. முன்னர் நுண்ணிய கோடுகளாலும் சிறு நிறப் புள்ளிகளாலும் பொறுமையாக அமைத்தவர், இப்போது தடித்த கறுப்புக் கோடுகளையும் பெரிய வடிவங்களையும் பயன்படுத்தினார். பசையில் குழைத்த வண்ணத்தைத் தாளிலும் சாக்குத் துணியிலும் பூசினார். 1938 இல் வரைந்த இன்சுலா துல்கமாரா 176 செ.மீ. அகலமுடையது, அவருடைய பெரிய படங்களுள் ஒன்று. 1939–1940 காலத்தில் வானதூதர்களைப் பற்றிய வரிசை ஒன்றை வரைந்தார். அவர்கள் மறதியுடையவர்கள், இன்னும் பெண்மை நீங்காதவர்கள், நடை பழகாதவர்கள் என மனிதக் குறைகளுடன் சித்தரிக்கப்பட்டனர். 1940 இல் வரைந்த சாவும் நெருப்பும் என்ற ஓவியத்தில் வெளிறிய முகம் ஒன்றின் கண், வாய் ஆகியவற்றில் சாவு என்னும் பொருள்படும் ஜெர்மன் சொல்லின் எழுத்துகள் அமைந்துள்ளன.

இம்மாற்றத்துக்கு நோயே காரணமா என்பதில் ஒத்த கருத்து இல்லை. கைகளின் இறுக்கத்தால் நுண்கோடுகள் இயலாமற் போயின என்று சிலர் கருதினர். கைகள் பாதிக்கப்படவில்லை என்பதால் மாற்றம் அவருடைய தெரிவே என்று வேறு சிலர் வாதிடுகின்றனர். 1937–1940 காலக் கோட்டோவியங்கள் பலவற்றில் கோடு தடங்கலின்றி ஒரே வீச்சில் செல்வது இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இக்காலத்தில் பாப்லோ பிக்காசோ 1937 இலும், ஜார்ஜ் பிராக் 1939 இலும் பெர்ன் நகருக்கு வந்து கிளேயைச் சந்தித்தனர். 1940 தொடக்கத்தில் சூரிக் நகரில் நடந்த கண்காட்சியில் 1935 க்குப் பின் வரையப்பட்ட 213 ஆக்கங்கள் வைக்கப்பட்டன.

குடியுரிமையும் இறப்பும்

ஜெர்மனியால் விரட்டப்பட்ட கிளே, தாம் பிறந்த நாட்டின் குடியுரிமையைப் பெற விரும்பினார். குறிப்பிட்ட ஆண்டுகள் வசித்த பின்னரே விண்ணப்பிக்க இயலும் என்ற விதி இருந்ததால் 1939 ஏப்ரலில்தான் விண்ணப்பிக்க முடிந்தது. அதிகாரிகளின் விசாரணையில் அவருடைய ஓவியப் பாணியும் ஐயத்துடன் பார்க்கப்பட்டது. பெர்ன் நகர மன்றம் 1940 ஜூலை 5 அன்று இறுதி முடிவு எடுக்கவிருந்தது.

மே மாதம் கிளே தெற்குச் சுவிட்சர்லாந்தில் லோகார்னோவுக்கு அருகிலுள்ள ஓய்விடம் ஒன்றுக்குச் சென்றார். உடல்நிலை மோசமடைந்ததால் ஜூன் மாதம் முரால்ட்டோவில் உள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஜூன் 29 அன்று காலமானார். இதயத் தசை பாதிப்பே உடனடிக் காரணமாகக் கூறப்பட்டது. நகர மன்றம் கூட ஆறு நாட்களே இருந்தன. இதனால் சுவிட்சர்லாந்தில் பிறந்து அங்கேயே இறந்த இவர், சட்டப்படி ஜெர்மானியராகவே இறந்தார். இவருடைய சாம்பல் 1942 இல் பெர்ன் நகரின் ஷோஸ்ஹால்டே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. மனைவி லில்லி 1946 இல் காலமானார்.

நோயை அறிதல்

கிளேயின் வாழ்நாளில் தோலிறுக்க நோய் என்ற பெயர் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. அவருடைய மருத்துவப் பதிவுகள் எஞ்சவில்லை. தோலின் திசு எடுத்து ஆராய்ந்ததற்குச் சான்றும் இல்லை. 1950களில்தான் இப்பெயர் கிளே பற்றிய நூல்களில் இடம்பெற்றது. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹான்ஸ் சுட்டர் கிளே குடும்பத்தின் கடிதங்கள், ஒளிப்படங்கள், உறவினரின் நினைவுகள் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2006 இல் நூல் ஒன்றை வெளியிட்டார். முகத்தோல் இறுக்கம், உணவுக்குழாய், நுரையீரல், இதயம் ஆகியவற்றின் பாதிப்பு ஆகிய அனைத்தையும் ஒருசேர விளக்கக்கூடிய நோய் உடல்முழுதும் பரவும் தோலிறுக்க நோயே என்பது அவருடைய முடிவு. இது மிகவும் பொருத்தமான விளக்கமாக ஏற்கப்படுகிறது. எனினும் ஆய்வகச் சான்று இல்லாததால் இதை உறுதிப்படுத்தப்பட்ட முடிவு என்று கொள்ள இயலாது.

தோலிறுக்க நோய் பற்றி

கடினம், தோல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களிலிருந்து ஸ்கிளிரோடெர்மா என்ற பெயர் வந்தது. இத்தாலியின் நேப்பிள்சு நகர மருத்துவர் கார்லோ கூர்சியோ 1753 இல் தோல் இறுகிய இளம்பெண் ஒருவரைப் பற்றி எழுதியது இந்நோயின் தொடக்ககால விவரிப்புகளுள் ஒன்று. பிரான்சு நாட்டு மருத்துவர் எலீ ஜின்ட்ராக் 1847 இல் இப்பெயரைப் பயன்படுத்தினார். குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகிப் பின் சிவக்கும் நிலையை 1862 இல் மொரீசு ரெய்னோ விவரித்தார். இந்நிலை பல நோயாளிகளுக்கு முதல் அறிகுறியாக அமைகிறது.

நோயெதிர்ப்பு அணுக்கள் தவறுதலாகத் தூண்டப்பட்டு, சிறு குருதிக் குழாய்களைச் சேதப்படுத்துகின்றன. அவை வெளியிடும் வேதிக் குறிகள் இணைப்புத் திசு அணுக்களைத் தூண்டுகின்றன. அவ்வணுக்கள் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. காயம் ஆறும்போது தழும்பு உண்டாகும் அதே வழிமுறைதான் இங்கும் நடைபெறுகிறது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. இதனால் தோல் தடித்து இறுகுகிறது. இது தொற்றுநோய் அன்று.

இந்நோயில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன.

உடல்முழுதும் பரவும் வகை: தோலுடன் உணவுக்குழாய், நுரையீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் பாதிக்கக்கூடியது. கிளேக்கு இருந்ததாகக் கருதப்படுவது இவ்வகையே.

ஓரிட வகை: மார்பியா என்றும் அழைக்கப்படும். தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பு, தசை, சில சமயம் எலும்பு ஆகியவற்றையும் மட்டும் பாதிக்கும். உள்ளுறுப்புகளைப் பொதுவாகத் தாக்குவதில்லை. முதல் வகையாக மாறுவதும் மிக அரிது. தொடக்கத்தில் சிவந்த அல்லது ஊதா நிற விளிம்புடைய திட்டு தோன்றி, நடுப்பகுதி தந்த நிறத்தில் கெட்டியாகி, பின் நிறம் மங்கித் தழும்பாக நிற்கும். கருநிறத் தோலில் விளிம்புச் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. நிறம் கறுத்த அல்லது வெளிறிய கெட்டித் திட்டாகவே தெரியும். குழந்தைகளுக்குக் கை, கால் அல்லது நெற்றியில் நீளவாக்கில் பட்டையாக வருவதுண்டு. மூட்டின் மேல் அமையும் பட்டை மூட்டின் அசைவைக் குறைத்து, உறுப்பின் வளர்ச்சியையும் தடுக்கக்கூடும்.

இக்காலச் சிகிச்சை

கிளேயின் காலத்தில் இந்நோயின் போக்கை மாற்றக்கூடிய மருந்து எதுவும் இல்லை. ஓய்வு, மலைக்காற்று, உணவுக் கட்டுப்பாடு ஆகியவையே அவருக்குக் கிடைத்தன. இன்றும் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனினும் ஒவ்வொரு பாதிப்பையும் தனித்தனியே கட்டுப்படுத்த வழிகள் உள்ளன. விரல்களின் குருதியோட்டத்துக்குக் கால்சியம் தடுப்பு மருந்துகளும், உணவுக்குழாய் எரிச்சலுக்கு அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகளும், நுரையீரல் பாதிப்புக்கு மைக்கோபினலேட், சைக்ளோபாஸ்பமைடு போன்றவையும் தரப்படுகின்றன. சிறுநீரக நெருக்கடி ஒரு காலத்தில் பெரும்பாலும் உயிரைப் பறித்தது. 1970களின் இறுதியில் கேப்டோப்ரில் வகை மருந்துகள் வந்த பின்னர் பலர் காப்பாற்றப்பட்டனர்.

ஓரிட வகையில் சிறு திட்டுகளுக்கு ஸ்டீராய்டு அல்லது டாக்ரோலிமஸ் களிம்பும், பரவலான திட்டுகளுக்குப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையும், ஆழமான அல்லது பட்டை வகைக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தும் பயன்படுகின்றன. மூட்டு இறுகாமலிருக்க உடற்பயிற்சி மருத்துவம் தேவை. நோய் சுறுசுறுப்பாக இருக்கும் தொடக்கக் காலத்திலேயே சிகிச்சை தொடங்கினால் பயன் கூடும். தழும்பாகிய பின்னர் மருந்தால் மீட்பது கடினம்.

தமிழகம், காரைக்கால் பகுதிகளில்

தமிழகத்திலும் காரைக்கால் உள்ளிட்ட புதுச்சேரிப் பகுதிகளிலும் தோலில் நிறம் மாறிய திட்டு என்றதும் மக்கள் முதலில் அஞ்சுவது தொழுநோயையே. தொழுநோய்த் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும். ஆனால் தோல் கல்போல் கெட்டியாவதில்லை. மார்பியா திட்டு கெட்டியாக இருக்கும். உணர்ச்சி பெரும்பாலும் இருக்கும். எனினும் பார்த்த அளவில் முடிவு செய்ய இயலாது. ஐயமிருப்பின் தோல் திசு ஆய்வு தேவைப்படும். தொழுநோய் முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது என்பதால், இரண்டில் எதுவாயினும் மறைப்பதால் இழப்பே மிகும்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1823 இல், புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய ஜிப்மர் நிறுவனம். அங்கு தோல் மருத்துவப் பிரிவும் நோயெதிர்ப்பியல் மருத்துவப் பிரிவும் உள்ளன. 2016 முதல் காரைக்காலிலும் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரிக் கிளை இயங்கி வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இத்தகைய நோய்களுக்கான சிறப்புப் பிரிவு உள்ளது.

நினைவுச் சின்னங்கள்

1947 இல் பெர்ன் நகரில் பவுல் கிளே அறக்கட்டளை நிறுவப்பட்டது. 2005 ஜூன் மாதம் அதே நகரில் பவுல் கிளே மையம் திறக்கப்பட்டது. இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ரென்சோ பியானோ மூன்று அலைகளைப் போன்ற கூரைகளுடன் இதை வடிவமைத்தார். ஏறத்தாழ 4,000 ஆக்கங்கள் அங்குள்ளன. இது ஓர் ஓவியரின் படைப்புகளுக்கென அமைந்த உலகின் பெரிய தொகுப்புகளுள் ஒன்றாகும். நோயுற்ற ஆண்டுகளில் வரைந்த கோட்டோவியங்கள் பலவும் இத்தொகுப்பில் அடங்கும்.